மின்கிற்றார்: நாடும் தரமும் விலையும்

தமிழாசிரியர் ஒருவர் மின்கிற்றாரைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் நகைத்தல் கூடும். ஆயின் நரம்புக் கருவிகளின் குணங்குற்றம் ஆராய்தல் தமிழ் நூல்களுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியிலே, காந்தருவதத்தையோடு இசையில் வாதுசெய்ய வந்த சீவகன் முன் யாழ்கள் பல கொணர்ந்து வைக்கப்படுகின்றன. அவன் ஒவ்வொன்றையும் எடுத்து நோக்கி, இது நீரிலே நின்று இளகிய மரம், இது படைக்கலத்தால் வடுப்பட்ட மரம், இஃது இடி வீழ்ந்த மரம் எனக் குற்றங் கூறி விலக்குகின்றான். அக்கருவிகள் எந்நாட்டிலிருந்து வந்தன என்று அவன் வினவவில்லை. அவற்றின் விலையையும் கேட்கவில்லை. கருவியையே கையில் எடுத்து ஆராய்ந்தான். இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவதும் ஏறக்குறைய அதுவேயாகும்.

இதனை எழுதத் தூண்டியது சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. நம் கல்லூரியிற் பயின்று இன்று கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், தம் மைந்தனுடன் எமது இல்லத்துக்கு வந்தார். மைந்தன் கையில் ஒரு மின்கிற்றார் இருந்தது. “மாஸ்ரர், நீங்கள் வீணை பழகியவர். இதை ஒருக்காற் பாருங்கள், கடைக்காரர் என்னை ஏமாற்றிப் போட்டார்” என்றார் தந்தையார். கருவியின் தலைப்பகுதிக்குப் பின்னே, அஃது இந்தோனீசியாவிற் செய்யப்பட்டது என்னும் குறிப்பு ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. அதனைக் கண்ட தோழர் சிலர் எள்ளி நகையாடினராம். அன்று தொட்டுப் பையன் அதனைத் தீண்டுவதேயில்லை. முதல் மெட்டில் விரலை வைத்தால் சுருதி சேரவில்லை என்ற முறைப்பாடும் உண்மையாகவே இருந்தது. கடன்பட்டேனும் அமெரிக்கக் கருவியொன்றை வாங்கிக் கொடுப்பதெனத் தந்தையார் தீர்மானித்திருந்தார். அதன் விலையோ முன்னையதின் விலையில் நான்கு மடங்கு. “சற்றுப் பொறுங்கள்” என்று கூறி, அக்கருவியை ஒரு கிழமை எம்மிடம் வைத்துக்கொண்டோம். அதன்பொருட்டுப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

முதற்கண் கருவியின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவாம். வீணைக்குக் குடம் உண்டு. தந்தியின் அதிர்வு குடத்தைச் சேர்ந்து ஒலி பெருகுகின்றது. திண்ணிய உடலையுடைய மின்கிற்றாருக்குக் குடம் இல்லை. காந்தத்தைச் சூழ மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றி அமைத்த ‘பிக்கப்’ என்னும் உறுப்பு தந்திகளின் கீழே பொருத்தப்பட்டிருக்கும். உருக்குத் தந்தி அதிரும்பொழுது அவ்வுறுப்பிலே நுண்ணிய மின்னோட்டம் பிறக்கின்றது. ஒலிபெருக்கி அதனைப் பெருக்கிக் காதுக்குக் கொடுக்கின்றது. ஆகவே இங்கு மரத்துக்குரிய முதற்கடமை ஒலியைப் பெருக்குதலன்று, அசையாது நிற்றலே. ஆறு தந்திகளும் முறுக்கேறி நிற்கையில் அவை கழுத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 40 கிலோகிராம் நிறைக்குச் சமமாகும். அதனைத் தாங்கி நிற்கும் கழுத்தும், கணக்குப் பிசகாத மெட்டுகளுமே நல்ல கருவிக்கு உயிர்நிலை எனலாம்.

அக்கணக்கும் எளியதே. பென்டர் என்னும் புகழ்பெற்ற கிற்றார்களில், வீணையிற் போலவே மேருவென்று நாம் சொல்லத்தக்க இடத்திலிருந்து குதிரை வரையுள்ள தந்தியின் நீளம் 25.5 அங்குலம், அஃதாவது ஏறக்குறைய 648 மில்லிமீற்றர். அந்நீளத்தை 17.817 ஆல் வகுக்க வருவது, மேருவிலிருந்து முதல் மெட்டுக்குள்ள தூரம். அஃது ஏறக்குறைய 36 மில்லிமீற்றர். எஞ்சிய நீளத்தை மீண்டும் அவ்வெண்ணால் வகுக்க அடுத்த மெட்டின் தூரம் கிடைக்கும். இவ்வாறு சென்றால் 12 ஆம் மெட்டு தந்தியின் சரி நடுவில் வந்து நிற்கும். நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள இத்தகைய தொடர்பை, 1947 ஆம் ஆண்டு அரங்கேறிய யாழ்நூலிலே விபுலாநந்த அடிகளார் விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். அமெரிக்காவிலேனும் யாவாத் தீவிலேனும் இக்கணக்கு ஒன்றே.

நிற்க. நாட்டின் பெயருக்கு இத்துணை மதிப்பு வந்த வரலாற்றை இனி நோக்குவோம். கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்ட்டன் நகரிலே வானொலி திருத்தும் கடை வைத்திருந்தவர் லியோ பென்டர். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. 1950 ஆம் ஆண்டளவில் அவர் விற்கத் தொடங்கிய திண்ணுடற் கருவியே பின்னர் ரெலிகாஸ்ரர் எனப் பெயர்பெற்றது. 1954 இல் ஸ்ராற்றோகாஸ்ரர் வந்தது. தட்டையான பலகையை அச்சுப்படி வெட்டி, கழுத்தை வேறாகச் செய்து, நான்கு திருகாணிகளால் இரண்டையும் பூட்டினார். கழுத்துப் பழுதானால் கழற்றிவிட்டுப் புதியது பூட்டலாம். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலிருந்த கிப்சன் கொம்பனியோ 1952 இல் வெளியிட்ட லெஸ் போல் கருவியிலே, மகோகனி உடலின்மேல் மேப்பிள் மரத்தைப் பொருத்தி, கழுத்தைப் பசையால் ஒட்டிற்று. அதற்குக் கைவேலை கூடுதலாக வேண்டும். எனினும் இரண்டும் தொழிற்சாலைப் பொருள்களே. சிறப்பாகப் பென்டர் கருவி, தனியொரு கம்மியனின் கைவண்ணத்தை நம்பியிராது, ஒழுங்காகப் பழக்கப்பட்ட எத்தொழிலாளரும் செய்யத்தக்கதாகவே திட்டமிடப்பட்டது. ஒரு நாட்டாரே செய்யக்கூடிய அரும்பொருளாக அது பிறக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

1965 ஆம் ஆண்டு சனவரியிலே லியோ பென்டர் தம் கொம்பனியை சீ.பீ.எஸ். என்னும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். உற்பத்தி பெருகியது; கவனம் குறைந்தது. 1971 இலிருந்து ஸ்ராற்றோகாஸ்ரரின் கழுத்தைப் பூட்டும் திருகாணிகள் நான்கிலிருந்து மூன்றாயின. கழுத்து இருக்கும் குழி இறுக்கமின்றி அமைந்தமையும் உடல் அளவுக்கு மீறிக் கனத்தமையும் 1970களின் கருவிகளைப் பற்றி வாசிப்போர் கூறிய குறைகளாம். அதனாலேயே 1965 க்கு முற்பட்ட பழங்கருவிகளைத் தேடி வாங்கும் வழக்கம் வலுப்பெற்று அவற்றின் விலையும் ஏறியது. இதிலிருந்து நாம் அறிவது யாது? நகரம் அதுவே, கொம்பனிப் பெயர் அதுவே, நாடும் அதுவே. மாறியது, ஒரு கருவிக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் அதன்மேல் வைத்த கண்ணுமே.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு யப்பான். அந்நாட்டு மற்சுமோட்டோ நகரிலே 1960 இல் தொடங்கப்பட்ட பூயிசென் தொழிற்சாலையும் பிறவும் முதலில் மலிவான கருவிகளையே செய்தன. 1970களில் அமெரிக்கக் கருவிகளை அச்சொட்டாகப் பார்த்துச் செய்யும் திறமை அங்கு வளர்ந்தது. 1977 இல் கிப்சனின் அந்நாளைய உரிமையாளராகிய நோர்லின் நிறுவனம், இபானெஸ் கருவிகளை அமெரிக்காவில் விற்றோர்மீது தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றி வழக்குத் தொடுத்தது. வழக்குத் தொடுக்கத்தக்க அளவுக்குப் போலி சிறந்துவிட்டது என்க. 1982 இல் பென்டரே யப்பானியருடன் கூட்டுச் சேர்ந்து பூயிசென்னிற் கருவி செய்வித்தது. அங்கிருந்து வந்த மாதிரிகளின் நேர்த்தியைக் கண்டு பென்டர் அதிகாரிகளே வியந்தனர். 1985 இல் கொம்பனியின் ஊழியரும் பிறரும் சேர்ந்து அதனை சீ.பீ.எஸ். இடமிருந்து 12.5 மில்லியன் டொலருக்கு மீட்டபொழுது, புல்லர்ட்டன் தொழிற்சாலை அவ்விற்பனையில் அடங்கவில்லை. ஆதலின் சிறிது காலம் பென்டர் என்னும் பெயரைத் தாங்கிய கருவிகளிற் பெரும்பாலானவை யப்பானிலிருந்தே வந்தன. பின்னர் கலிபோர்னியாவின் கொறோனா நகரிலும், 1987 இல் எல்லைக்கு அப்பால் மெக்சிக்கோவின் என்செனாடா நகரிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. இவ்விரண்டு நகர்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரமே உண்டு. ஆயினும் அங்குச் செய்யப்படும் கருவிகளின் விலைகளுக்கிடையே உள்ள தூரம் பெரிது.

யப்பானும் மலிவான நாடாக நெடுங்காலம் நிற்கவில்லை. 1985 ஆம் ஆண்டு நாணய உடன்பாட்டின் பின் யென்னின் மதிப்பு ஏறியது. மலிவான கருவிகளின் வேலை கொரியாவுக்குச் சென்றது. அங்குக் கூலி உயர, இந்தோனீசியாவுக்கும் சீனாவுக்கும் சென்றது. 1957 இல் கிப்சன் வசமான எபிபோன் கருவிகளும் இவ்வழியே 1970 ஆம் ஆண்டளவில் யப்பானுக்கும், பின்னர் கொரியாவுக்கும், இந்நூற்றாண்டிற் சீனாவுக்கும் பயணஞ் செய்தன. கைத்திறனைத் தேடி அன்று. குறைந்த கூலியைத் தேடியே இப்பயணம் நிகழ்ந்தது. அதன் துயரமும் சொல்லற்பாலது. கொரியாவில் கோட் என்னும் கொம்பனி 2007 இல் தன் ஆலைகளிலே தொழிலாளரை விலக்கியும் ஆலையை மூடியும் வேலையை வெளிநாட்டுக்கு மாற்றியபொழுது எழுந்த போராட்டம் 2019 இலேயே இணக்கத்தில் முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் வீதியிலிருந்த அம்மக்கள் தொழில் தெரியாதவர்களல்லர். பிற நாட்டுப் பெயர்பெற்ற கொம்பனிகளுக்கெல்லாம் கிற்றார் செய்தவர்கள். ஆகவே, கருவியின் பின்னே பொறித்த நாட்டின் பெயர் முதன்மையாக நமக்கு அறிவிப்பது, அதனைச் செய்தவர் பெற்ற கூலி இவ்வளவினதாக இருந்திருக்கும் என்பதையே. அவருடைய திறமையை அது கூறுவதில்லை.

இனி, கணினியின் ஏவலால் மரத்தைக் குடையும் இயந்திரங்கள் 1980கள் தொடக்கம் இத்தொழிலிற் பரவலாயின. அவ்வியந்திரம் எந்நாட்டில் நின்றாலும் கட்டளைப்படியே கழுத்தையும் குழியையும் மெட்டின் பிளவுகளையும் வெட்டும். முன்னாளிலே கைத்தவறால் நேர்ந்த பெரும்பிழைகள் இதனால் அருகிவிட்டன. எனின், நான்கு மடங்கு விலை எதற்கு என்று மாணவர் வினவலாம். விலையின் கூறுகளைப் பிரித்து நோக்குதல் வேண்டும். ஒன்று, பொருள்: நன்கு உலர்த்தித் தெரிந்தெடுத்த மரம், பிளாத்திக்கு மேருவுக்குப் பதில் எலும்பு மேரு, வார்ப்பு நாகத்துக்குப் பதில் உருக்காற் செய்த குதிரை, நழுவாத பிருடைகள், உறுதியான ஆளிகள் முதலியன. இரண்டு, இயந்திரம் வெட்டி முடித்தபின் மனிதர் செலவிடும் நேரம்: மெட்டுகளை ஒரே மட்டமாகத் தேய்த்தல், அவற்றின் முனைகளை உருட்டி மழுக்குதல், மேருவின் பள்ளங்களை அளவாக அராவுதல், ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்துத் தவறியதை விலக்குதல். மூன்று, அந்நாட்டுக் கூலி. நான்கு, பெயர். முதலிரண்டும் கருவியோடு நமது கைக்கு வருவன. மூன்றாவது தொழிலாளிக்குச் செல்வது, அது நியாயமானதே. நான்காவதிலே கருவியை மீண்டும் விற்கும்போது ஒரு பங்கு திரும்பக் கிடைக்குமேயன்றி, ஓர் இசைத்துளியும் கிடைப்பதில்லை.

எமது கையில் விடப்பட்ட கருவிக்கு வருவோம். வயலின், வீணை முதலியவற்றைத் திருத்தும் முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றோம். கழுத்தை ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் நோக்கினார், முறுக்கில்லை என்றார். 12 ஆம் மெட்டில் எழும் சுரத்தைத் திறந்த தந்தியோடு ஒப்பிட்டார். சற்றே பிசகியிருந்ததைக் குதிரையின் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்தார். பின்னர் மேருவைக் காட்டி, “குற்றம் இங்கேதான்” என்றார். அதன் பள்ளங்கள் போதிய ஆழமின்றி இருந்தமையால் தந்தி உயர்ந்து நின்றது. உயர்ந்து நிற்கும் தந்தியை முதல் மெட்டில் அழுத்தும்பொழுது அது மேலும் இழுபட்டுச் சுருதி ஏறுகின்றது. பையன் கேட்ட குற்றம் அதுவே. முதியவர் சிறு அரத்தால் அரை மணி நேரம் அராவினார். விரலிற் குத்திய மெட்டு முனைகளையும் மழுக்கினார். கழுத்தினுள் ஓடும் உருக்குக் கோலைக் காற்சுற்றுத் திருப்பினார். அவர் பெற்ற கூலி ஒரு தொகுதித் தந்தியின் விலைக்கு மேற்படவில்லை. செய்த ஆலையிலே யாரோ ஒருவருக்குக் கொடுக்கப்படாத அரை மணி நேரத்தை அவர் இங்கே கொடுத்தார், அவ்வளவே.

ஆதலின் குற்றங்களை இருவகையாகப் பகுத்தல் நலம். மேருவின் உயரம், மெட்டின் கூர்முனை, குதிரையின் நிலை, கழுத்தின் சிறு வளைவு ஆகியவை தீரும் குற்றங்கள். முறுக்குண்ட கழுத்து, இடம் பிசகி வெட்டப்பட்ட மெட்டுப் பிளவு, ஆடும் கழுத்துக்குழி, பிளந்த மரம் ஆகியவை பெரும்பாலும் தீராக் குற்றங்கள். முன்னையவை கண்டால் விலையிற் குறைத்துக் கேட்கலாம். பின்னையவை கண்டால் எந்நாட்டுக் கருவியாயினும் திருப்பிக் கொடுத்துவிடல் வேண்டும்.

விலையேற்றத்தைப் பற்றியும் சில சொல்லவேண்டும். 1954 இல் ஸ்ராற்றோகாஸ்ரரின் பட்டியல் விலை 249.50 டொலர். அமெரிக்காவிலே பொருள்களின் பொது விலை அவ்வாண்டிலிருந்து 2024 வரை பதினொரு மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கின்றது. அக்கணக்கின்படி அந்தத் தொகை 2024 இல் ஏறக்குறைய 2,900 டொலருக்குச் சமம். ஆனால் 2020களின் முற்பகுதியில், அமெரிக்காவிற் செய்யப்பட்ட வழக்கமான ஸ்ராற்றோகாஸ்ரர் அங்கு 2,000 டொலருக்குக் குறைவாகவே விற்கப்பட்டது. எனவே நெடுங்காலக் கணக்கிலே கருவி மலிந்திருக்கின்றது; தொடக்க மாணவர் வாங்கும் கருவியோ முன்னெப்போதிலும் மலிவும் தரமும் கூடியதாயிற்று. அண்மைக்கால விலையேற்றத்துக்கு வேறு காரணங்கள் உள. 2020 இலே பெருந்தொற்றால் வீட்டிலடைபட்டோர் பலர் கிற்றார் பழகத் தொடங்கினர். பென்டரின் விற்பனை அதற்கு முன் காணாத அளவை எட்டியது. 2021 இற் கப்பற்கூலி பன்மடங்காயிற்று. மரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. 2017 சனவரியில் தோதகத்தி இனம் முழுவதும் சர்வதேச வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தமையால், விரற்பலகைக்கு வேறு மரம் தேடவேண்டியதாயிற்று. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இலேயே விலக்குக் கிடைத்தது. அமெரிக்கக் கருவிகள் பலவற்றின் விரற்பலகை தென்னிந்தியக் காட்டில் வளர்ந்த தோதகத்தி என்பதையும், நம் நாட்டுக் கருங்காலியும் இத்தொழிலிற் பெயர்பெற்ற மரம் என்பதையும் இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். ‘அமெரிக்கக் கருவி’ என்பதிலும் பல நாடுகள் கலந்துள்ளன.

நமக்கு நேர்ந்ததோ தனியொரு துன்பம். 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று, மே மாதத்தில் ஏறக்குறைய 360 ரூபாவாயிற்று. 500 டொலர் பெறும் கருவி, ஒரு சதமேனும் விலை கூடாதபோதும், 100,000 ரூபாவிலிருந்து 180,000 ரூபாவுக்கு ஏறியது. கருவியின் தரம் அதனால் ஒரு நூலளவும் உயரவில்லை. விலை கூடியதெல்லாம் தரம் கூடியது என்று எண்ணும் மயக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து வேண்டியதில்லை.

அமெரிக்கக் கருவி வேண்டாதது என்று நாம் கூறவில்லை. மேடையேறி வாசிப்பதே தொழிலாகக் கொண்டவருக்கு அதன் நேர்த்தியும் உழைப்பும் பயன்தரும். வசதியுள்ளோர் வாங்குவதிற் குறையில்லை. ஆனால் பழகும் பிள்ளைக்காகக் கடன்படும் தந்தைக்கும், கல்லூரி இசையறைக்குக் கருவி அன்பளிப்புச் செய்ய விரும்பும் பழைய மாணவர்க்கும் நாம் கூறத்தக்கது ஒன்றுண்டு. ஓர் அமெரிக்கக் கருவியின் விலையிலே ஆசியத் தொழிற்சாலைகளின் நல்ல கருவிகள் மூன்று வாங்கலாம். அவற்றைச் செவ்விதாகச் சீர்செய்விக்கவும் பணம் எஞ்சும். பூட்டிய அலுமாரியில் ஒன்றிருந்து ஒளிர்வதிலும், மூவர் கையில் மூன்றிருந்து ஒலிப்பது மேல்.

கிழமை முடிவில் தந்தையும் மைந்தனும் வந்தனர். பையன் ஐயத்துடன் முதல் மெட்டில் விரலை வைத்து மீட்டினான், மீண்டும் மீட்டினான். பின்னர் எம்மை மறந்து நெடுநேரம் வாசித்துக்கொண்டிருந்தான். எமக்கு அவ்விசையிற் பயிற்சியில்லை. ஆயினும் சுருதி சேர்ந்திருந்தமை தெரிந்தது. புறப்படும்பொழுது, “தம்பி, தோழர் கேட்டால் என்ன சொல்லுவீர்?” என்று வினவினோம். “வாசித்துக் காட்டுவேன், சேர்” என்றான். சீவகன் கூறியிருக்கக்கூடிய விடையும் அதுவே.